சுவரில் இரண்டு தட்டு

பூட்டில் சாவியை நுழைக்கும்போதே லோஜினிக்குப் பாட்டு கேட்டது. மெல்லிய சத்தத்தில் ஒரு ஆங்கிலப் பாட்டு. பைக்குள் கிடந்த போன்தான் கைபட்டுப் பாடத் தொடங்கிவிட்டது என்று நினைத்து எடுத்துப் பார்த்தாள். போன் சும்மா இருந்தது. சிக்னல் ஒரு கோடுகூட இல்லை, சார்ஜ் இரண்டு சதவீதம். அவள் நிமிர்ந்தபோது பாட்டும் நின்றிருந்தது.

பள்ளிக்கூடத்தில் யாராவது போட்டிருப்பார்கள் என்று மனதுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள். மண்சரிவுக்குப் பயந்து தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளின் சனம் முழுவதும் ஐந்து நாளாக அங்கேதான் பாய் விரித்துக் கிடக்கிறது. ஆனால் பள்ளிக்கூடம் இருப்பது எதிர் மலையில். அங்கே அடிக்கிற மணியே இங்கே கேட்காது என்பதும் அவளுக்குத் தெரியும்.

லயத்துப் பக்கம் ஒருவரும் போகக் கூடாது என்று அதிகாரிகள் நாடா கட்டி வைத்திருந்தார்கள். அக்கரப்பத்தனை டவுனுக்குப் போய் போனுக்குச் சார்ஜ் போட்டு வருவதாகத் தோழி ரூபிகாவிடம் பொய் சொல்லிவிட்டுத்தான் லோஜினி நாடாவுக்கு அடியில் குனிந்து வந்தாள். பாஸ்போர்ட் உள்ளே ட்ரங்குப் பெட்டியில் இருந்தது. நாளைக் காலை ஆறு மணி பஸ்ஸில் கொழும்பு, அங்கிருந்து குவைத், ஒரு வீட்டில் வேலை. பாஸ்போர்ட் இல்லையென்றால் எல்லாம் பாழ். அம்மா போன பிறகு இரண்டு வருடம் தன்னந்தனியாகக் கிடந்த இந்தச் சின்னக் காம்பரா வீட்டை விட்டுப் போவதைத் தவிர அவள் சாமியிடம் வேறெதுவும் கேட்டதில்லை.

கதவு தரையில் உரசிக்கொண்டு பாதிதான் திறந்தது. பட்டப்பகல் மூன்று மணிக்கு உள்ளே விளக்கு வைக்கிற நேரத்து இருட்டு. ஈர மண்ணும் மண்ணெண்ணெயும் ஐந்து நாள் மூடிக் கிடந்த துணியின் பூஞ்சணமும் கலந்த வாடை. தகரக் கூரையிலிருந்து எங்கேயோ ஒரு பாத்திரத்தில் சொட்டுச் சொட்டாக விழும் தண்ணீர். அவளுக்குப் பின்னாலேயே வாசல் வழியாக உள்ளே நுழைந்து கட்டில் காலைச் சுற்றிக்கொண்ட மூடுபனி. பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாவின் பக்கமிருந்த சுவரை மட்டும் லோஜினி பார்க்கவில்லை.

தனிமைக்கு மருந்தாக ரூபிகாதான் ஒரு பட்டியல் அனுப்பி, போனிலேயே இறக்கியும் கொடுத்திருந்தாள். மனசு ஒருமாதிரி இருக்கும்போது கேட்க வேண்டிய இருபது ஆங்கிலப் பாட்டுகள், உலகமே கேட்டவையாம். லோஜினிக்குப் பாதி வார்த்தை புரியாது. ஆனால் ஐந்தாவது பாட்டில் ஒரு ஆண்குரல் கிட்டாரோடு அவசரமே இல்லாமல் பாடும். கேட்டால் பக்கத்தில் ஒருத்தர் வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

பக்கத்துக் காம்பராப் பேச்சியம்மாவுக்கும் அந்த ஐந்தாவது பாட்டுதான் உயிர். கொழுந்து பறிக்கிறவள். மகன்மார் இரண்டு பேரும் கொழும்புக் கடைகளில் இருந்தார்கள், தீபாவளிக்குக்கூட வருவதில்லை. நடுவில் ஒற்றைச் சுவர்தான், இங்கே இருமினால் அங்கே கஷாயம் கொதிக்கும். "வெள்ளக்காரனுக்கு என்ன கவலையோ புள்ள, சோத்துக்கு இல்லாம அழுவுறவனாத் தெரியல. ஆனா நல்லா அழுவுறான்" என்பாள். பிறகு ஒருநாள் அவளே ஓர் ஏற்பாடு செய்துகொண்டாள். "ரெண்டு தட்டு தட்டுனா சத்தத்தக் கூட்டு. எனக்கும் கேக்கட்டும்."

போன வியாழக்கிழமை மாலையும் சுவரில் இரண்டு தட்டு கேட்டது. தகரத்தில் மழை அப்படிக் கொட்டியது. லோஜினி சத்தத்தைக் கூட்டினாள். மறுபடியும் தட்டு. மறுபடியும் கூட்டினாள். தட்டு நிற்கவே இல்லை. இந்த அம்மாவுக்கு இன்றைக்கு என்ன பித்துப் பிடித்தது என்று சிரித்துக்கொண்டே, சத்தத்தை முழுக்க வைத்து, போனைச் சுவரோடு சாய்த்து வைத்தாள். பாட்டு முடிவதற்குள் தட்டு அடங்கியது. திருப்தியாகிவிட்டாள் என்று நினைத்தாள்.

பின்பக்கத்து மலை சரிந்து பேச்சியம்மாவின் காம்பராவுக்குள் வந்திருந்தது. ஆட்கள் கதவை உடைத்தபோது உள்ளே மார்பளவு சேறு. அவள் நடுச்சுவரில் சாய்ந்து, நின்றபடியே விறைத்திருந்தாள். வலது கை முஷ்டியாக மடங்கி மேலே உயர்ந்திருந்தது.

அந்தத் தட்டைப் பற்றி லோஜினி ஒருவரிடமும் சொல்லவில்லை.

பாஸ்போர்ட் பெட்டியின் அடியில் சேலைக்குள் பத்திரமாக இருந்தது. அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்தபோது, காலுக்குக் கீழே தரை ஒரு முறை பெருமூச்சு விட்டது. தகரம் கிறீச்சிட்டது. சுவர்க் காரை பொலபொலவென்று உதிர்ந்தது. பாதி திறந்திருந்த கதவு, யாரோ வெளியிலிருந்து சாத்தியது போல, மூடிக்கொண்டது.

இழுத்தாள். நிலை கோணிக் கதவை இறுகக் கடித்திருந்தது. கட்டிலின் சட்டத்தைப் பிடுங்கி நெம்பினாள், சட்டம்தான் முறிந்தது. ஜன்னலில் கம்பி. அதன் வழியாகக் கத்தினாள். மூடுபனி அவள் குரலை அங்கேயே வாங்கி வைத்துக்கொண்டது. அடுப்படிக் கதவை முயற்சி செய்யலாம் என்று திரும்பியபோது, அந்தக் கதவுக்கு அடியிலிருந்து சேறு உள்ளே வருவதைப் பார்த்தாள். கெட்டியாக. மெதுவாக. அவசரமே இல்லாமல்.

அவள் எங்கே இருக்கிறாள் என்று யாருக்கும் தெரியாது. டவுனில் இருக்கிறாள் என்று ரூபிகா நினைத்துக்கொண்டிருப்பாள். லோஜினிக்கு வாய்விட்டு அழுகை வந்தது. போனை எடுத்தாள். சிக்னல் இல்லை. பயத்தில் விரல் தானாகவே பழகிய இடத்துக்குப் போய்ப் பட்டியலைத் திறந்தது. ஒரு மனிதக் குரல் கேட்டால் போதும் என்றிருந்தது. ஐந்தாவது பாட்டு.

பாதிப் பாட்டில் போன் அணைந்தது.

இப்போது இருட்டு. சொட்டுச் சத்தம். சேறு கணுக்காலில் சில்லென்று ஏறியது.

சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள்.

லோஜினி காதைக் கொடுத்து உற்றுக் கேட்டாள். பேச்சியம்மாவின் காம்பராவுக்குக் கதவு கிடையாது, அதைத்தான் உடைத்து, சேற்றையும் வாரிவிட்டார்களே. யாராவது உள்ளே வரலாம். தோட்டத்து ஆள் யாராவது. சாமான் எடுக்க வந்திருக்கலாம். வந்திருக்க வேண்டும். காலடி ஒன்று சுவர் அருகே வந்து நின்றது. துணி சுவரில் உரசியது.

"யாருங்க?" என்றாள். "கதவு தெறக்க மாட்டேங்குது. சேறு வருது. யாருங்க அது?"

மழை தொடங்கியிருந்தது. தகரத்தின் இரைச்சலில் தன் குரல் தனக்கே கேட்கவில்லை. முழங்கால்வரை சேறு. காலை எடுக்க முடியவில்லை. சேறு அவளை நடுச்சுவர்ப் பக்கம் தள்ளிக்கொண்டே போனது. முதுகு சுவரில் முட்டியது. பாஸ்போர்ட் எப்போதோ கையிலிருந்து நழுவிவிட்டது.

கையை உயர்த்தினாள். முஷ்டியை மடக்கினாள்.

இரண்டு தட்டு.

அந்தப் பக்கம் கிட்டார் கேட்டது. மெல்ல, மிக மெல்ல. ஐந்தாவது பாட்டு, அவள் போன் விட்ட இடத்திலிருந்து.

"ஐயோ, அது வேணாங்க. கதவ ஒடைங்க."

தட்டினாள். பாட்டின் சத்தம் கூடியது.

அலறிக்கொண்டே தட்டினாள். இன்னும் கூடியது. இடுப்புவரை சேறு. சுவர் அதிர்ந்தது. தட்டுவதைத் தவிர அவளிடம் வேறு எதுவும் மிச்சமில்லை.

தட்டினாள்.

கூடியது.