வந்து சேர்ந்தும் கைக்கு வராத விசா

புதன்கிழமை காலை. எர்மிலா உருவேட்டா தன் துப்பறியும் அலுவலக மேசையில், முட்டை வைத்துப் பொரித்த சோள ரொட்டியான அரெப்பாவை இரண்டாகப் பிய்த்து, பெரிய பாதியைத் தன் கொழுந்தன் வில்ஃப்ரிடோவிடம் நீட்டிய நேரத்தில் கதவு படாரென்று திறந்தது. உள்ளே வந்தவள் நன்றாக அழுது முடித்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்திருந்தாள். முழங்கை வரைக்கும் வெல்டிங் பொறி பட்ட சின்னச் சின்னத் தழும்புகள்.

“என் பேரு யூரானிஸ். கப்பல் பட்டறையில வெல்டர். நார்வேல வேலை கிடைச்சிருக்கு. விசாவைக் காணோம் அக்கா.”

வில்ஃப்ரிடோ அரெப்பாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான். டாக்சி ஓட்டுவதாகச் சொல்லி வீட்டிலிருந்து கிளம்பி, அண்ணியின் அலுவலகத்திலேயே பாதி நாளைக் கழிப்பவன் அவன். பர்ரன்கியா நகரம் முழுக்க ஓடிப்போன புருஷன்களைத் தேடிச் சலித்துப்போயிருந்தவனுக்கு, காணாமல் போன விசா என்றதும் நாக்கில் எச்சில் ஊறியது.

“முதல்லேருந்து சொல்லும்மா,” என்றாள் எர்மிலா.

யூரானிஸ் சொன்னாள். திறன் பெற்ற வெளிநாட்டுத் தொழிலாளிக்கான விசா. விண்ணப்பித்த நாளிலிருந்து காலையில் பல் துலக்கும் முன்பே இணையப் பக்கத்தைத் திறந்து பார்ப்பாள். ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற வரி மாதக்கணக்கில் அசையவில்லை. போன வாரம்தான் ‘முடிவு எடுக்கப்பட்டது, பாஸ்போர்ட் அனுப்பப்பட்டது’ என்று மாறியது. நேற்று மாலை பார்த்தால், ‘வீட்டில் ஒப்படைக்கப்பட்டது’.

“என்ன முடிவுன்னு போடலியா?” என்று கேட்டான் வில்ஃப்ரிடோ.

“போடமாட்டாங்க. உறையைப் பிரிச்சாத்தான் தெரியும். கொடுத்தாங்களா, இல்லன்னுட்டாங்களா, ஒண்ணுமே தெரியாது. மூணு வருஷத்துக்குக் கேட்டிருக்கேன். மாசக் கடைசிக்குள்ள போய் நிக்கலன்னா அந்த இடத்துக்கு வேற ஆளைப் போட்டுடுவாங்க.”

“நேத்து வீட்டுல யாரு இருந்தா?”

“யாரும் இல்ல. நான் பட்டறையில. அப்புறம் மழை. அரோயோ வடியற வரைக்கும் நகர முடியல.”

அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. மழை பிடித்தால் பர்ரன்கியாவின் தெருக்கள் ஆறாகிவிடும். அந்த வெள்ளத்துக்குத்தான் அரோயோ என்று பெயர். காரையே உருட்டிக்கொண்டு போகும். வடிந்த பிறகு தெருவெல்லாம் செங்காவிச் சேறு.

நேற்று அவளுக்குப் பிறந்தநாள். வெள்ளம் வடிந்து வீடு திரும்பியபோது மூன்று பேர் உள்ளே உட்கார்ந்து காத்திருந்தார்கள். பட்டறை மேஸ்திரி கலிக்ஸ்தோ, காதலன் எடெர், எதிர்த்தெருத் தோழி நூரிஸ். பூந்தொட்டிக்குள் இருக்கும் சாவியைப் பற்றி இந்த மூவருக்கு மட்டும்தான் தெரியும். மூவருமே மழை விட்டு, வெள்ளம் வடிந்த பிறகுதான் வந்ததாகச் சொன்னார்கள். உறையைப் பார்த்ததாக ஒருவரும் சொல்லவில்லை.

“கூரியர்காரனைக் கேட்டியா?”

“கேட்டேன். முதல் தூறல் விழறப்போ வந்தானாம். கதவு கொஞ்சம் திறந்துச்சாம், ஒரு கை வந்து வாங்கிக்கிச்சாம். மழைக்குப் பயந்து தலையக் குனிஞ்சுக்கிட்டே ஓடிட்டான்.”

அவளுடைய போனில் பிறந்தநாள் படம் ஒன்று இருந்தது. மேஸ்திரியின் பூட்ஸில் கணுக்கால் வரை சேறு. எடெர் வெறுங்காலோடு நாற்காலியில் சாய்ந்திருந்தான். அவனுடைய செருப்புகள் சேறு அப்பிக்கொண்டு வாசலோரம் கிடந்தன. நூரிஸ் வெள்ளைக் கேன்வாஸ் ஷூவோடு நடுக்கூடத்தில் ஆடிக்கொண்டிருந்தாள், கையில் சூப் கரண்டி.

“இந்தப் பொண்ணு பார்க்கவே ஜாலியா இருக்காளே,” என்றாள் எர்மிலா.

“அவ இல்லன்னா நான் விண்ணப்பமே போட்டிருக்க மாட்டேன் அக்கா. நாங்க ஒரே சாஃப்ட்பால் டீம். நான் பந்து போடுவேன், அவ அடிக்கிறவளுக்குப் பின்னால உட்கார்ந்து பிடிப்பா. ஞாயித்துக்கிழமை ஃபைனல். விசா வந்தா மறுநாளே விமானம்னு நான் சொன்னப்போகூட, போடின்னு தட்டிக்கொடுத்தா.”

அவள் போனதும் வில்ஃப்ரிடோ மேசையைத் தட்டினான். “காதலன்தான் அண்ணி. எவனாவது விருந்துக்குப் போய் வெறுங்காலோட உட்காருவானா? எதையோ மறைக்கிறான்.”

“சேத்தைக் கூடத்துக்குள்ள கொண்டுவர வேணாம்னு கழட்டியிருக்கான். வளர்த்தவங்க நல்லா வளர்த்திருக்காங்க.”

“அப்போ மேஸ்திரி. நல்ல வெல்டரை எவன் விடுவான்?”

“நாளைக்குச் சாயங்காலம் மூணு பேரையும் வரச் சொல்லு. காபியை மட்டும் நான் போடுறேன், உன் காபி வேணாம்.”

வியாழன் மாலை யூரானிஸின் கூடத்தில் எல்லோரும் கூடினார்கள். வில்ஃப்ரிடோ வாசற்படியில் உட்கார்ந்து மூவரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். மூன்றுமே திருட்டு முழி முழிப்பதாகத்தான் அவனுக்குப் பட்டது. எர்மிலா யாரையும் எதுவும் கேட்கவில்லை. காபியை ஊற்றிக்கொண்டே, “போனது போகட்டும். ஒருவேளை இல்லன்னுகூட எழுதியிருக்கலாம்,” என்றாள்.

“இல்லன்னு எழுதியிருந்தா நான் அழமாட்டேன்,” என்றார் கலிக்ஸ்தோ. “மூணு வருஷம் இவ இல்லாம எவனை வச்சு நான் கப்பலுக்கு அடித்தகடு ஒட்டுறது? என் தம்பி மவன் ஒட்டுனா கப்பல் கரையிலயே முழுகிடும்.”

“உங்களுக்குத் தகடு. எனக்கு வருஷத்துக்கு ஒண்ணா மூணு கார்னிவல் திருவிழா,” என்றான் எடெர். “மூணு கார்னிவலுக்கு நான் யாரோட ஆடுறது? உங்க தம்பி மவனோடவா?”

“சும்மா இருங்கப்பா,” என்று அதட்டினாள் நூரிஸ். “அவளே நொந்துபோய் இருக்கா. ரெண்டு கார்னிவல்தானே, கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள ஓடிடும்.”

எர்மிலா காபிக் குவளையைக் கீழே வைத்தாள்.

“ரெண்டா?”

நூரிஸ் அவசரமாக ஒரு மடக்குக் காபி குடித்தாள்.

“இவ கேட்டது மூணு வருஷம். தெருவே மூணுன்னுதான் பேசுது. எத்தனை வருஷம் கொடுத்தாங்கன்னு உறைக்குள்ளதான் இருக்கு.”

“வாய் தவறிடுச்சு.”

“வாய் தவறலாம்மா. கால் தவறலியே. மழைக்கு முன்னாடியே வீட்டுக்குள்ள இருந்தவங்கதான் உறையை வாங்கியிருக்க முடியும். மழைக்கு அப்புறம் வந்ததா நீ சொன்ன. மேஸ்திரி பூட்ஸு சேறு, எடெர் செருப்பு சேறு. உன் ஷூ மட்டும் கல்யாணப்பொண்ணு மாதிரி வெள்ளையா இருக்கு. வெள்ளம் வடிஞ்ச தெருவுல அப்படி நடந்து வர இந்த ஊர்ல இன்னும் யாரும் பிறக்கல.”

நூரிஸ் தலை குனிந்தாள். எடெர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். ஆனால் அவன் பேசுவதற்குள் யூரானிஸின் குரல் கேட்டது. மிக மெதுவாக, தூக்கத்தில் பேசுகிறவள் போலக் கேட்டாள்:

“ரெண்டு வருஷம்னா... கொடுத்துட்டாங்களா?”

குற்றவாளியைப் பிடித்துவிட்ட மிதப்பில் இருந்த வில்ஃப்ரிடோவுக்கு அப்போதுதான் அது உறைத்தது. அண்ணியின் முகத்தைப் பார்த்தான். அவளுக்கு அது முன்பே தெரிந்திருந்தது, சிரித்துக்கொண்டிருந்தாள்.

“கொடுத்துட்டாங்கடி,” என்றாள் நூரிஸ் அழுதுகொண்டே. “உன் போட்டோ அதுல கேவலமா இருக்கு.”

எடெர் யூரானிஸை அப்படியே தூக்கிச் சுற்றினான். மேஸ்திரி தன் காபியைத் தானே தட்டிவிட்டுக்கொண்டு, தம்பி மகனைத் திட்டினார். இந்த அமளிக்கு நடுவே நூரிஸ் தன் வீட்டுக்கு ஓடி, விளையாட்டில் அணியும் மார்புக் கவசத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பஞ்சு உறைக்குள் பாஸ்போர்ட் பத்திரமாக இருந்தது.

“கேக் செய்யலாம்னு முன்னாடியே வந்தேன். கூரியர்காரன் உறையைக் கொண்டுவந்து நீட்டினான். ‘இல்லை’ன்னு இருந்தா, பிறந்தநாள் அதுவுமா உனக்கு எப்படிச் சொல்றதுன்னு பயந்துதான் பிரிச்சேன். பார்த்தா கொடுத்திருக்காங்க. நாளைக்கே பறந்துடுவியேன்னு... ஞாயித்துக்கிழமை ஆட்டம் முடிஞ்சதும் உன் தலகாணிக்கடியில வச்சிருப்பேன்டி. சத்தியமா.”

யூரானிஸ் பக்கத்தைத் திறந்து, விசாவின் மேல் விரலை ஓட்டினாள். “ரெண்டு ராத்திரி நான் தூங்கல, நூரிஸ். ஒரு வார்த்தை, இருன்னு கேட்டிருக்கலாம்ல?”

“கேட்டிருந்தா இருந்திருப்பியா?”

யூரானிஸ் யோசித்தாள். “இருந்திருக்க மாட்டேன்.”

மேஸ்திரிக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. பிறகு யாராலும் அடக்க முடியவில்லை.

“இப்போ இருப்பேன்,” என்றாள் யூரானிஸ். “உன்னை ஆசை தீரத் திட்ட எனக்கு நாலு நாளாவது வேணும். செவ்வாய்க்கிழமை டிக்கெட் போடுறேன்.”

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் உட்கார இடமில்லை. வில்ஃப்ரிடோ டாக்சியின் மேலேறி நின்று பார்த்தான். கடைசிச் சுற்று. யூரானிஸ் அணிக்கு ஒரே ஓட்டம்தான் முன்னிலை. மூன்று தளங்களிலும் எதிரணி ஆட்கள், ஒரு நல்ல அடி விழுந்தால் ஆட்டமே போய்விடும். யூரானிஸ் நெற்றியைத் துடைத்தாள். பந்தைப் போடாமல் கையில் உருட்டிக்கொண்டே நின்றாள். நூரிஸ் எழுந்து போய் அவள் காதில் ஏதோ சொன்னாள். யூரானிஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு அடங்குமுன் போட்ட பந்தை எதிராளி தொடக்கூட இல்லை.

வெற்றிக் கூச்சலுக்குள் புகுந்து புறப்பட்டு நூரிஸைப் பிடித்தான் வில்ஃப்ரிடோ. துப்பறிகிறவனுக்குத் தெரியாமல் எதுவும் மிஞ்சக்கூடாது.

“அவ காதுல என்ன சொன்ன?”

“பாஸ்போர்ட் உன்கிட்டதான் இருக்கு, தோத்தா இப்படியே ஏர்போர்ட்டுக்கு ஓடிடலாம், பயப்படாம போடுன்னு சொன்னேன்.”