குங்குமத்தின் மேல் பூசிய பசை

புதையல் தேடிச் செம்மணல் மேடான தேரிக்காட்டுக்குள் தனியாகப் போன தாணு, காலை ஒடித்துக்கொண்டு பாழுங்கிணற்றருகே கிடந்தான். குடிக்கத் தண்ணீர் இல்லை. சாயங்காலத்துக்குள் வந்துவிடச் சொல்லித் தங்கை பகவதியிடம் கெஞ்சியதோடு அவன் போன் செத்துப்போனது. அவளை ஏற்றிக்கொண்டு ஜீப்பைக் கிளப்பினார் பக்கத்து வீட்டு இசக்கிமுத்து அண்ணாச்சி. தலையில் தொப்பி, கழுத்தில் பைனாகுலர், வாய் நிறையச் சவடால்!

பாதி வழியில் எஞ்சின் கொதித்தது. கூலன்ட் டப்பாவில் விரல் நீளத்துக்கு விரிசல். அண்ணாச்சி இரண்டு குழாயிலிருந்து எப்பாக்ஸி பசையைப் பிதுக்கிக் குழைத்து அப்பினார். தாணுவுக்காகக் கொண்டுவந்த கேன் தண்ணீரில் பாதியை ஊற்றினார். கொஞ்ச தூரம் போவதற்குள் பசை அப்பளமாக உரிந்து, தண்ணீர் முழுக்கச் செம்மணலில் இறங்கியது.

பகவதி உரிந்த துண்டைத் திருப்பிப் பார்த்தாள். அடியில் சந்தனமும் குங்குமமும்! ஆயுத பூசைக்கு வைத்த பொட்டாம். அழித்தால் வண்டிக்கு ஆகாதாம். அதனால் பொட்டின் மேலேயே பூசினாராம். இந்த மூளைக்குத் தொப்பி ஒரு கேடா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"தள்ளி நில்லும் அண்ணாச்சி. இனி கைய வைக்காதீரும்."

டப்பாவைக் கழற்றிப் பொட்டைச் சுரண்டினாள். உப்புத்தாளால் தேய்த்து, ஈரம் போகத் துடைத்தாள். இரண்டு குழாயிலும் சரிசமமாகப் பிதுக்கிக் குழைத்து, துணிக்கீற்று வைத்து அழுத்தினாள். ஒரு குழாயை இன்னும் கொஞ்சம் பிதுக்கினால் சட்டென்று இறுகும் என்று யோசனை சொன்னார் அந்த மேதை. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கொதிக்கும் வெயிலில் ஒரு மணி நேரம் காயவைத்தாள். அண்ணன் கிடக்கும் திசையை அடிக்கடி பார்த்தாள். ஆனாலும் அவசரப்படவில்லை. நகம் பதியாத அளவுக்குப் பசை இறுகியதும் டப்பாவை மாட்டினாள். தாணுவுக்கு ஒரு பாட்டில் ஒதுக்கிவிட்டு மிச்சத்தை ஊற்றினாள். உள்ளே அழுத்தம் ஏறாதபடி மூடியை லேசாகத் திருகினாள்.

பசை பிடித்துக்கொண்டது!

கிணற்றருகே தாணு உதடு வெடித்துக் கிடந்தான். பக்கத்தில் அவன் தோண்டியெடுத்த பித்தளைப் பெட்டி. அண்ணாச்சி பெட்டியிடம் ஓடினார். பகவதி அண்ணனின் தலையை மடியில் தாங்கிச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் புகட்டினாள். நாலு மடக்குக்குப் பிறகு அவன் கண் திறந்தான்.

பொழுது சாயும் நேரத்தில் ஊர் சேர்ந்தார்கள். தாணுவைக் காப்பாற்றியவர் என்று சனங்கள் அண்ணாச்சிக்கு மாலை போட்டார்கள். அந்த மனிதரும் வெட்கமில்லாமல் கழுத்தை நீட்டினார். பெட்டி நிறைய வெள்ளிக் காசுகள் என்று தாணு தங்கையிடம் பெருமையாகச் சொன்னான்.

"நீ உசுரோட வந்தியே, அது போதும்," என்றாள் பகவதி. "இன்னொரு தடவ தனியாப் புதையல்னு கிளம்புனா, மத்தக் கால நானே ஒடிச்சிருவேன்."