ஸ்விட்ச் மேல் வைத்த விரல்

கயிறு வரவில்லை.

நோரீன் இடது காலைச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்து, இரண்டு கையாலும் இன்னொரு முறை இழுத்துப் பார்த்தாள். இன்ஜினைக் கிளப்பும் அந்தக் கயிறு அரையடி வந்தது, உள்ளே யாரோ மறுமுனையைப் பிடித்துக்கொண்ட மாதிரி நின்றது, பிறகு வெடுக்கென்று அவள் கையையும் இழுத்துக்கொண்டு திரும்ப ஓடியது. பதினொரு மாதமாகக் கார் ஷெட்டின் மூலையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த பிரஷர் வாஷர் அது, தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிச் சுவர் கழுவுகிற இயந்திரம். பழைய பெட்ரோலின் புளித்த நாற்றமும், எலிப்புழுக்கை நாற்றமும், ஈர ரப்பரின் வாடையும் அதிலிருந்து வந்தன. மற்ற இரண்டும் சரி. ரப்பர் ஏன் ஈரமாக இருக்க வேண்டும்?

"கயித்தோட என்னம்மா மல்லுக்கட்டு?" பக்கத்து வீட்டு வெர்னன் புல்வெளியைத் தாண்டி வந்தார். எழுபது வயது, கையில் பீர் டப்பா. "பம்புக்குள்ள அழுத்தம் அடைச்சு நிக்குது. மொதல்ல துப்பாக்கி விசைய அமுக்கி அத வெளிய விடு. அப்புறம் இழு."

தண்ணீர்த் துப்பாக்கியைப் புல் பக்கம் திருப்பி விசையை அழுத்தினாள். சீறிக்கொண்டு ஒரு பீச்சல், நாலைந்து நொடி, பிறகு துவண்டு அவள் கால்விரல்களில் சொட்டியது. வெதுவெதுப்பாக இருந்தது. தோட்டக் குழாயை அவள் இன்னும் மாட்டக்கூட இல்லை.

"கடைசியா எப்ப ஓட்டின?"

"நான் ஓட்டல வெர்னன். அன்னைக்கு அப்புறம் இத யாரும் தொடல."

வெர்னன் தலையைச் சொறிந்தார். "நம்ம ஊர் குளிருக்கு உள்ள தண்ணி நின்னிருந்தா பம்பு உறைஞ்சு பொளந்திருக்குமே. எனக்கு ரெண்டு தடவ பொளந்திருக்கு. ரெண்டு தடவையும் என் பொண்டாட்டி கைகொட்டிச் சிரிச்சா." அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டார். செத்தவன் வீட்டில் அதற்கு மேல் தோண்டுகிற ஆள் இல்லை அவர்.

நோரீனால் அப்படி விட முடியவில்லை. அன்று அந்த விசையில் கேபிள் டை மாட்டியிருந்தது. விரல் வலிக்கிறது என்று அவள் புருஷன் ஹார்லன் எப்போதும் அப்படித்தான் செய்வான், விசையை அழுத்திப் பிளாஸ்டிக் பட்டையால் இறுக்கிவிட்டால் கைவிட்டாலும் தண்ணீர் அடித்துக்கொண்டே இருக்கும். அந்தத் தெருவில் பாதி ஆண்பிள்ளைகள் செய்கிற முட்டாள்தனம்தான். போலீஸ்காரன் வந்து கத்தியால் அதை அறுத்தபோது இன்ஜின் நின்று அரைமணி நேரம் ஆகியிருந்தது. திறந்த வாயில் அழுத்தம் எப்படி நிற்கும்? அதற்குப் பிறகு யாரோ ஓட்டியிருக்கிறார்கள்.

ச்சீ, அசட்டுத்தனம், என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

வெர்னன் சப்பணம் போட்டு உட்கார்ந்து, அழுகிப்போன பெட்ரோலை ஒரு பக்கெட்டில் வடித்தார். கார்புரேட்டரின் கிண்ணத்தைக் கழற்றினால் அடியில் பச்சைப் பிசின். ஊசி நுழைகிற ஓட்டையை மெல்லிய கம்பியால் குத்திச் சுத்தம் செய்து, புதுப் பெட்ரோல் ஊற்றி, தோட்டக் குழாயையும் மாட்டி, சோக்கை இழுத்துவிட்டார். மூன்றாவது இழுப்பில் இன்ஜின் பிடித்தது. முதலில் மூச்சிரைத்தது, ஏறியது, இறங்கியது, பிறகு ஒரே சுதியில் நின்றது.

"கேட்டுக்க. விசைய விட்டா லேசாப் பாடும். அமுக்கினா பாரம் தூக்குற மாதிரி கனத்துப் போவும். காதே சொல்லிடும் தண்ணி போவுதா இல்லையான்னு. துப்பாக்கி சும்மா தொங்கும்போது சத்தம் கனத்துச்சுன்னா எங்கயோ ஒழுகுதுன்னு அர்த்தம். சும்மா ஓடவிட்டு அஞ்சு நிமிஷத்துக்கு மேல வைக்காத, பம்பு வெந்துடும்." தரையில் நின்றே கூரைவரை எட்டும்படி, தன் வீட்டு நீட்டுக் கம்பியையும் துப்பாக்கியில் அவரே மாட்டிக் கொடுத்தார். "ஏணி மேல ஏறிடாத, சாமி."

"சத்தியமா ஏற மாட்டேன்."

"அடுப்புல பன்னி விலா வேகுது. ஆறு மணிக்கு வந்து ரெண்டு தின்னுட்டுப் போ. எலும்பும் தோலுமா நிக்கிற." அவர் போய்விட்டார்.

மே மாதக் கடைசி, நீள விடுமுறையின் முதல் சனிக்கிழமை, மணி மூன்று. தெரு முழுக்கப் புல்வெட்டும் இயந்திரங்கள், இலை ஊதும் இயந்திரங்கள், கரிப்புகை, எங்கோ ஒரு பிள்ளை தண்ணீரில் குதிக்கிற சத்தம். இந்தச் சனிக்கிழமைகளில் ஒருவன் கத்தினாலும் யார் காதிலும் விழாது. அது நோரீனுக்கு மற்ற எவரையும்விட நன்றாகத் தெரியும்.

அண்ணாந்து பார்த்தாள். கார் ஷெட்டுக்கு மேலே கூரை முகட்டின் முக்கோணச் சுவர், வெள்ளைப் பலகைகள். இடதுபாதி பளிச்சென்றிருந்தது. வலதுபாதியில் பாசி படர்ந்து பச்சையாகிக் கிடந்தது. நடுவே சாய்வாக ஒரு கோடு, கீழே வரவர வளைந்து, வலப்பக்கம் இழுத்துக்கொண்டு போய் முடிந்தது. ஹார்லன் விழுந்தபோது துப்பாக்கி இழுத்த கோடு அது. பதினொரு மாதமாகக் காலையில் காரை எடுக்கும்போதும் மாலையில் நிறுத்தும்போதும் அவள் தலைக்கு மேல் அது நின்றது. குடியிருப்போர் சங்கம் இரண்டு கடிதம் போட்டாயிற்று, சுவரைச் சுத்தம் செய்யச் சொல்லி. செவ்வாய்க்கிழமை வீடு வாங்குகிறவர்கள் கடைசியாகப் பார்க்க வருகிறார்கள். பிடித்துவிட்டால் புதன்கிழமை அவள் அரிசோனாவில் தங்கை வீட்டில் இருப்பாள். கூலிக்கு ஆள் கேட்டாள், எல்லோரும் மூன்று வாரம் கழித்து வருகிறேன் என்றார்கள். அந்தக் கோட்டை இன்று அழித்தாக வேண்டும்.

துப்பாக்கி முனைகள் நான்கு நிறத்தில் வரும். வெள்ளை முனை விசிறி மாதிரி பரவும், சாதுவானது. சிவப்பு முனையில் தண்ணீர் ஒரே ஊசியாகப் போகும், மரத்தைச் செதுக்கும், செருப்பைத் துளைக்கும். ஹார்லன் அதை அவள் செருப்பில்தான் சோதித்துப் பார்த்தான், அவள் போட்டுக்கொண்டிருந்தபோதே. "என்னா துள்ளு துள்ளுற, மாடு மாதிரி" என்று சிரித்தான். இடது சுண்டுவிரல் நகம் அதற்குப் பிறகு முளைக்கவில்லை. அந்தச் சிவப்பு முனையைப் போலீஸ் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனது. நோரீன் வெள்ளையை மாட்டினாள், கிளிக் என்று கேட்கும்வரை அழுத்தி, இழுத்தும் பார்த்தாள்.

விசையை அழுத்தினாள். இன்ஜின் கனத்தது. பாசி கஞ்சியாக வழிந்தது. தோள் அதிர, முகத்தில் பச்சைச் சாறு தெறிக்க, சேறும் சோப்பும் பெட்ரோலும் கலந்த வாடையில், வலமிருந்து இடமாக ஒவ்வொரு பலகையாக வெளுத்துக்கொண்டே வந்தாள். பயந்த அளவுக்கு ஒன்றுமில்லை என்று பட்டது. சந்தோஷமாகக்கூட இருந்தது. இன்னும் ஒரு முழம்தான், அந்தக் கோடு மட்டும்தான் பாக்கி.

கை மரத்துவிட்டது. துப்பாக்கியை ஷெட் கதவின் கொக்கியில் தொங்கவிட்டு, விரல்களை நீவினாள். இன்ஜின் லேசாகப் பாடியது.

பிறகு கனத்தது.

திரும்பிப் பார்த்தாள். துப்பாக்கி சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. முனையில் ஒரு சொட்டு. தண்ணீர் எங்கும் போகவில்லை. ஒழுக்கு, என்று சொல்லிக்கொண்டாள். வெர்னன்தான் சொன்னாரே. குழாயை நெடுகத் தடவிப் பார்த்தாள், பூட்டுகளைத் தடவினாள், பம்பின் அடியில் கைவிட்டுப் பார்த்தாள். எல்லாம் உலர்ந்திருந்தது. சத்தம் லேசானது. மறுபடி கனத்தது. விட்டு விட்டு, பொறுமையாக, வேலைக்கு முன்னால் விசையை இரண்டு தரம் அழுத்திப் பார்க்கிற ஆள் மாதிரி.

ஹார்லன் இரண்டு தரம் அழுத்திப் பார்ப்பான்.

இன்ஜினை அணைத்துவிட்டு உள்ளே போயிருக்கலாம். ஆனாலும் போகவில்லை. ஒரு முழம், அவ்வளவுதான்.

அன்றைக்கு அவன் ஏணியின் உச்சிப்படியில் நின்றான், ஒரு கையில் துப்பாக்கி, மறுகையில் கூரை விளிம்பு. கீழே இயந்திரத்தின் பக்கத்தில் அவள். "இன்னும் ஏத்துடி, செவிட்டு முண்டம்" என்று கத்தினான். அவள் அழுத்தத்தை முழுசாக ஏற்றினாள். துப்பாக்கி பின்னால் உதைத்தது, ஏணி சரிந்தது. சிமெண்டுத் தரையில் முதுகு விழுந்த சத்தம் அவ்வளவு பெரிதாக இல்லை. உயிரோடுதான் கிடந்தான். ஆனால் விசையில் கேபிள் டை. கைவிட்ட துப்பாக்கி தலை வெட்டுப்பட்ட பாம்பாகத் துள்ளி, சிமெண்டில் மோதி, திரும்பித் திரும்பி அவன் மேலேயே வந்தது. சட்டை கிழிந்தது. பிறகு சட்டைக்குக் கீழே இருந்ததும் கிழிந்தது. கையைத் தூக்கி முகத்தை மறைத்தான், உள்ளங்கை வழியாகத் தண்ணீர் மறுபக்கம் வந்தது.

"அணை. நோரீன், அணைச்சுத் தொலை." பிறகு, "அம்மாடி, அணைச்சிடு."

அவள் கட்டைவிரல் ஸ்விட்ச் மேல் இருந்தது. கொஞ்சம் அழுத்தினால் போதும். ஷெட்டில் ரேடியோவில் வானிலை அறிக்கை ஓடியது, காற்று, ஈரப்பதம், வரப்போகிற ஏழு நாளும். அது முழுசாக முடியும்வரை நின்றாள். பிறகு அணைத்தாள். பதறியடித்து ஓடிப்போய் உதவி கேட்டாள் என்றுதான் ஊர் சொல்கிறது. உறைந்து போய்விட்டேன் என்று போலீஸிடம் சொன்னாள், பாவம் என்றார்கள். பாவம்தான். யார் பாவம் என்பதுதான் அவர்களுக்குத் தெரியாது.

இன்ஜின் கனத்தது. இந்த முறை லேசாகவில்லை.

கொக்கியிலிருந்த துப்பாக்கி ஆடியது. நீட்டுக் கம்பியின் நுனி தரையை உரசி உரசி மெல்ல அவள் பக்கம் திரும்பியது. விசையில் ஒரு பட்டை. புதுசு. வெள்ளையாக, இறுக்கமாக, வால் நறுக்காமல் நீட்டிக்கொண்டு.

ஹார்லன் வாலை நறுக்க மாட்டான்.

முனையைப் பார்த்தாள். சிவப்பு.

அவள் இயந்திரத்தை நோக்கி ஓடினாள். ஸ்விட்சைத் தட்டினாள். ஓடியது. மறுபடி தட்டினாள். ஓடியது. ஸ்விட்ச் அணைந்த பக்கம்தான் இருந்தது, இன்ஜின் ஓடியது. பிளக் வயரைப் பிடுங்கலாம் என்று குனிந்தாள்.

கொக்கி பிய்ந்தது.

முதல் அடி கெண்டைக்காலில். வலிக்கவில்லை. சூடாக ஒரு கோடு, அவ்வளவுதான். காலை ஊன்றினாள், கால் கேட்கவில்லை. முழங்கால் தரையில் இடித்தது. கம்பி சிமெண்டில் மோதிக் கணீரென்றது, எகிறியது, வந்தது. தொடை. அவள் கத்தினாள். வெர்னன் வீட்டுப் பக்கம் புல்வெட்டி ஓடியது. இன்னும் சத்தமாகக் கத்தினாள். புல்வெட்டி ஓடியது.

தவழ்ந்தாள். தரையெல்லாம் இளஞ்சிவப்பாக ஓடியது, சரிவில், தெருவுக்கு. கம்பி வந்தது. கையைத் தூக்கினாள். உள்ளங்கையின் மறுபக்கத்தில் தண்ணீர் வந்தது.

"அணை," என்றாள். யாரிடம் சொல்கிறோம் என்று நினைக்கக்கூட இல்லை. "அணைச்சிடு. அம்மாடி."

புல்வெட்டி நின்றது. யாரோ காரியத்தை முடித்துவிட்டு உட்காருகிற அமைதி. இயந்திரம் மட்டும் ஓடியது. தலையைத் திருப்பினாள்.

இயந்திரத்தைச் சுற்றித் தரை காய்ந்திருந்தது. அந்தக் காய்ந்த தரையில் இரண்டு ஈரப் பூட்ஸ் தடங்கள், கால்நுனி அவள் பக்கமாக. தடங்களுக்கு மேல் எங்கிருந்தோ தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, நிதானமாக, கந்தல் சட்டைக்கையின் ஓரத்திலிருந்து. அந்தக் கையில் தோல் வெளுத்து ஊறியிருந்தது. புறங்கை முழுக்க ஊசித் துளைகள், ஒவ்வொன்றிலும் ஒரு துளி கோத்து நின்றது. உள்ளங்கை நடுவே வெளிச்சம் தெரிந்தது.

கட்டைவிரல் ஸ்விட்ச் மேல் இருந்தது. அழுத்தவில்லை.

வெர்னன் வீட்டுக் கொல்லையில் யாரோ ரேடியோவைத் திருப்பினார்கள். வானிலை அறிக்கை அப்போதுதான் ஆரம்பித்தது.