அரை மதிப்பெண்

"கண்ணு தெரியாதா உங்களுக்கு?"

வெள்ளைக் கோட்டெல்லாம் சேறு. சிக்னே சீறினாள். குதிரை ஏற்றி வந்த வண்டியைப் பின்னால் எடுத்தவன் மழையில் குதித்து ஓடி வந்தான்.

"தெரியும்... ஆனா வெள்ளையா ஒண்ணு நின்னுச்சா, மேகம் இறங்கிடுச்சோன்னு பாத்துட்டே இருந்துட்டேன்."

கோபம் எங்கே போனது? மழை ஓய்ந்த கடல் நிறத்தில் அந்தக் கண்கள்... "பேச்சு மட்டும் நல்லா வருது" என்று முணுமுணுத்துவிட்டு விலகி நடந்தாள்.

வீபோர் குதிரையேற்ற மன்றத்தில் அன்று சிறுவர் போட்டி. சிக்னேதான் நடுவர். தோரா என்ற சிறுமி களத்துக்குள் வந்தபோது, கம்பியோரம் ஒரு குரல்: "பயப்படாத தோரா, அண்ணன் இங்கதான் இருக்கேன்!"

ஐயோ... அவன்!

கடிவாளத்தில் தோராவின் கைகள் பூப்போல இருந்தன. சுற்றின் கடைசியில் குதிரை அசையாமல் நின்று முடித்தது. எட்டரை என்று எழுதப்போன பேனா தயங்கியது. இது அவளுக்கா... அவன் கண்களுக்கா? எட்டு போட்டாள்.

அரை மதிப்பெண்ணில் தோரா நான்காம் இடம். முதல் மூன்று இடங்களுக்குத்தான் தேசியப் போட்டிக்குப் போகும் வாய்ப்பு.

அவன் நேரே வந்தான். "சிலை மாதிரி நின்ன குதிரைக்கு எட்டா?"

"அண்ணன் பாசத்துக்கெல்லாம் மார்க் கிடையாதுங்க."

அவன் முகம் சுருங்கித் திரும்பிவிட்டான். சிக்னேவுக்கு நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. லாயத்துப் பக்கம் போனால், தோரா குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "என் கைதான் சரியில்ல, மன்னிச்சுக்கோ" என்று தேம்பிக்கொண்டிருந்தாள்.

அந்தக் கையா?

சிக்னே தலைமை நடுவர் ஊலுஃபிடம் ஓடினாள். "நான் தப்பா போட்டுட்டேன். மாத்தணும்."

"பரிசு கொடுக்கிற நேரத்துலயா? உன் பேர் கெட்டுடும்மா."

"கெடட்டும்."

ஒலிபெருக்கி திருத்தத்தை அறிவித்தது. மூன்றாம் இடத்தில் இருவர், இருவருமே போகலாம். தோரா துள்ளினாள். அவளுடைய அண்ணன் யெப்பே மெல்ல வந்து நின்றான்.

"ஏன் குறைச்சீங்க?"

"உங்களை... பாத்ததுமே பிடிச்சுப்போச்சு. அதனால கூட்டிப் போட்டுடுவேனோன்னு பயம்." சொன்னவள் நிமிரவே இல்லை.

"அப்போ இனிமே தோராவுக்கு நீங்க நடுவரா வர முடியாது."

"கோபமா?"

"சொந்தக்காரங்களுக்கு மார்க் போடக் கூடாதாமே..."

"நான் இன்னும் சொந்தம் ஆகலையே!"

"அதைத்தாங்க கேக்கறேன்... ஆகுறீங்களா?"