பொருட்காட்சி ரயிலின் மிச்சப் பெட்டி

பொருட்காட்சி மறுபடியும் வரப்போகிறது என்றதும் ரயில் பணிமனைக்குத் தலைகால் புரியவில்லை. அந்தக் காலத்துப் பொருட்காட்சிக்கு ஜனங்களை அள்ளிக்கொண்டு போன சிறப்பு ரயிலில் ஒரே ஒரு பெட்டி மிஞ்சியிருந்தது. அதற்கு வர்ணம் பூசி, புது ரயிலின் வாலில் கோத்து ஓட்டினால் கூட்டம் அலைமோதும் என்று மேலிடத்தில் யாருக்கோ தோன்றிவிட்டது. கதவுகளைச் சீர்செய்யும் வேலை ஒரு ஃபிட்டரின் தலையில் விழுந்தது. எப்போதும் இடுப்பில் பெட்டிச் சாவியோடு திரிவதால் அவருக்கு 'சாவி' என்றே பெயர்.

பெட்டி நல்ல உறுதி. பூட்டுகள்தான் அவர் உயிரை வாங்கின. சாயங்காலம் பூட்டிவிட்டுப் போவார். காலையில் வந்தால் கதவுகள் அத்தனையும் ஆவென்று திறந்து கிடக்கும். எண்ணெய் விட்டார், கடைசியில் பூட்டுகளையே மாற்றினார். பலனில்லை. உள்ளே ஏறினால் புகை நாற்றம் வேறு.

மேஸ்திரியிடம் கேட்டார். மேஸ்திரி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அந்த ரயிலு நடுவுல எங்கயும் நிக்காது. ஓசியில யாரும் ஏறிடக்கூடாதுன்னு, கிளம்பும்போதே எல்லாக் கதவையும் வெளியில பூட்டிருவாங்களாம். ஒருநாள் சுரங்கத்துக்குள்ள முன்பெட்டி தீப்பிடிச்சு வண்டி நின்னுபோச்சு. சாவி வச்சிருந்தவன் பிளாட்பாரத்துலயே இருக்கான்."

"இந்தப் பெட்டி?"

"புகை மட்டும்தான் வந்துச்சு. பெட்டிக்கு ஒண்ணும் ஆகல. உள்ள இருந்தவங்கதான்..."

 பூட்டு நிற்கவில்லை என்று மேலதிகாரியிடம் சொல்லத்தான் சாவி போனார். அவரோ முதல் ஓட்டத்துக்கு இரண்டு டிக்கெட்டுகளை நீட்டினார். அந்த ரயிலில் கூட்டிப்போகச் சொல்லி வீட்டில் மகளின் நச்சரிப்பு தாங்கவில்லை. சாவி டிக்கெட்டை வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டார். பாவி மனிதர், அங்கேதான் தவறினார்.

முதல் ஓட்டம் நடுப்பகலில். பெட்டி முழுக்கச் சிரிப்பும் பேச்சும். எல்லாக் கதவுகளையும் உள்ளேயிருந்து தன் கையாலேயே பூட்டி, இழுத்துப் பார்த்துவிட்டு, மகளைச் சன்னலோரம் உட்காரவைத்தார்.

சுரங்கம் வந்தது.

விளக்குகள் அணைந்தன. பேச்சு அடங்கியது. சக்கரங்களின் இரைச்சலுக்கு நடுவே இன்னொரு சத்தம் கேட்டது. கதவுப் பலகைகளில் உள்ளங்கைகள் மோதும் சத்தம். பெட்டிக்கு உள்ளேயிருந்துதான் வந்தது. புகை தொண்டையை அடைத்தது.

க்ளிக்.

அடுத்த கதவிலும், க்ளிக்.

காற்று முகத்தில் அறைந்தது. சாவி மகளை நோக்கிக் கையை நீட்டித் துழாவினார்.

இருக்கை காலி.

"அப்பா." குரல் கதவுப் பக்கமிருந்து வந்தது. பயமே இல்லாத குரல். "எல்லாரும் இங்கதான் இறங்கணுமாம்."

பாய்ந்தார். சட்டைக் காலர் கையில் சிக்கியது. மகளை ஒரு கையால் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மறு கையால் கதவை இழுத்தார். அதை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது காற்று அல்ல.

"திறங்க," என்று காதோரம் யாரோ கெஞ்சினார்கள். "புண்ணியமாப் போகும், திறங்க."

"முடியாது! என் புள்ள இருக்கா!"

"எங்க புள்ளைங்களும் இருக்காங்க."

சாவிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே கதவை அறைந்து சாத்தினார். பூட்டினார்.

வெளிச்சம் வந்தது. மற்ற கதவுகள் திறந்து ஆடிக்கொண்டிருந்தன. ஜனங்கள் இருக்கைகளைக் கெட்டியாகப் பிடித்தபடி இருமிக்கொண்டிருந்தார்கள். நல்லவேளையாக யாரும் விழவில்லை. மகளின் உடம்பைத் தடவித் தடவிப் பார்த்தார். ஒரு கீறல் கிடையாது. அதுவே போதும் என்று, பொருட்காட்சியை எட்டிக்கூடப் பார்க்காமல் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார்.

இன்னும் பொழுது சாயவில்லை. சமையலறையிலிருந்து மனைவி கத்தினாள்.

"வாசக் கதவை எத்தனை தடவைதான் சாத்துறது? யாரு திறந்துகிட்டே இருக்கிறது?"

சாவி எழுந்துபோய்ப் பார்த்தார். மகள் கதவை அகலத் திறந்து, அது திரும்ப மூடிவிடாதபடி முதுகால் அழுத்திக்கொண்டு நின்றிருந்தாள்.

"கதவைச் சாத்திட்டு உள்ள வாம்மா."

"இருங்கப்பா," என்றாள் மெதுவாக. "எல்லாரும் இன்னும் இறங்கி முடியல."

 சாவி சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டார்.