இரண்டாவது பலா

முட்டையை உடைத்தது ஜெனில்டோதான். தொப்பி நிறைய முட்டைகளை ஏந்திக்கொண்டு, வேட்டைக்காரன் என்ற கம்பீரத்தோடு வீட்டுப் படியேறி, வழுக்கி விழுந்தான். அடிபட்ட முட்டை கோழிமுட்டை போல நொறுங்கவில்லை. நனைந்த தோல்பை போலக் கிழிந்தது.

போனது பாக்கா என்ற பெரிய காட்டு எலியைக் கறிக்குப் பிடிக்க. கொக்கோத் தோப்பில், பலாமரத்தின் வேருக்கடியில் இருந்த வளையின் முன்வாசலில் புகை போட்டு, பின்வாசலில் சாக்கைப் பொருத்திக் காத்திருந்தான். பாக்கா விழுந்தால் சாக்கு துள்ளும். துள்ளவில்லை. மழைதான் வந்தது. வெறுங்கையோடு போனால் மச்சான் வால்டிர் ஊரைக் கூட்டிச் சிரிப்பானே என்று வளைக்குள் கைவிட்டான், முட்டைகள் அகப்பட்டன. மகள் ஜனைனாவுக்காக ஒரு பலாப்பழத்தைச் சாக்குக்குள் போட்டு, உள்ளே பார்க்காமலே வாயை முறுக்கித் தோளில் ஏற்றினான். வழி நெடுக முதுகில் முள் உறுத்தியது. மேலேயும் உறுத்தியது, கீழேயும் உறுத்தியது.

வீட்டில் கரண்ட் இல்லை. சாக்கை ஜனைனா படுத்திருந்த தொங்குபடுக்கைக்கு அடியில் தள்ளிவிட்டு, அடுப்பு வெளிச்சத்தில் முட்டையைக் காட்டினான்.

"இது என்ன முட்டை மச்சான்?"

காப்பி குடித்துக்கொண்டிருந்த வால்டிர் நிமிர்ந்தான். "ஏன், நீ போட்டதில்லையா?"

"விளையாடாத. விரியனா இருக்குமோ?"

"விரியன் குட்டிதானே போடும் மாப்ளே? உடும்பு முட்டையா இருக்கும். வெங்காயம் போட்டு வதக்கு."

வளைக்குள் கைவிட்டபோது ஜெனில்டோவும் தனக்கு அதையேதான் சொல்லிக்கொண்டான். ஆனால் கிழிந்த முட்டையிலிருந்து ஈரமண்ணும் பச்சை இரத்தமும் கலந்த வாடை எழுந்து, காப்பி மணத்தையும் விறகுப் புகையையும் மெல்ல விழுங்கிக்கொண்டிருந்தது. கூரை ஓட்டின் மேல் மழை கொட்டிய இரைச்சலுக்கு அடியில் வேறொரு சத்தம், காய்ந்த இலைமேல் யாரோ விரல் நுனியால் பொறுமையில்லாமல் தட்டுவது போல.

வெளியே எல்லா இலையும் நனைந்திருந்தது.

காய்ந்த இலை வீட்டுக்குள்தான் இருந்தது. அடுப்பெரிக்க வைத்த வாழைச்சருகு. படுக்கைக்கு அடியில்.

சத்தம் நின்றது.

வால்டிர் கிழிந்த முட்டையை நெருப்பருகே கொண்டுபோனான். உள்ளே சுருண்ட ஒன்று. பழுப்பு உடம்பு. கறுப்புக் கட்டங்கள். காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தான். சிரிக்கவில்லை.

"சொல்லித் தொலையேன்!"

"சுருகுகு. இந்தக் காட்டு விரியன்ல முட்டை போடுறது இது ஒண்ணுதான். ஆளைவிட நீளமா வளரும். முட்டையச் சுத்திப் படுத்துக் காவல் காக்கும். தோலு அப்படியே பலா..." குரல் இறங்கியது. "நீ எடுக்கும்போது தாய் எங்க இருந்துச்சு?"

புகை. பின்வாசல். சாக்கு.

ஜெனில்டோ திரும்பினான். தொங்குபடுக்கை காலியாக ஆடிக்கொண்டிருந்தது. ஜனைனா தரையில் குந்தியிருந்தாள். சாக்கின் வாய் அவிழ்ந்திருந்தது. அவள் கை முழங்கை வரை உள்ளே.

"கண்ணு," என்றான், மூச்சே இல்லாமல். "அசையாத. சாக்குல என்னம்மா இருக்கு?"

"ரெண்டு பலாப்பழம்ப்பா," என்றாள் ஜனைனா. "ஒண்ணு மூச்சு விடுது."