இரட்டை ஏழு

அந்தச் சனிக்கிழமை மழைச் சாரலுக்கு ஒதுங்கி ஃபெரிப் படகின் நடுப்பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஸ்டெஃபனியின் காலடிக்கு ஒரு வெள்ளி நாணயம் உருண்டு வந்தது. கடலில் விழுந்துவிடப் போகிறதே என்று காலால் அமுக்கினாள். அவ்வளவுதான்...

“மிதிக்காதீங்க!”

பதறி ஓடி வந்தவனை நிமிர்ந்து பார்த்தாள். மழையில் நனைந்த இமைகள், பெரிய கண்கள். பட்டர்வொர்த்–ஜார்ஜ்டவுன் ஃபெரியில் எந்த ஆணும் அவளுக்கு அண்ணேதான். இவனிடம் மட்டும் அந்தச் சொல் வாயில் வரவில்லை. ஏன் என்று அவளுக்கே புரியவில்லை.

அவன் பெயர் முத்துவீரப்பன். கையிலிருந்தது 1907ஆம் வருடத்து ஸ்ட்ரெய்ட்ஸ் டாலர், பிரிட்டிஷ் காலத்து வெள்ளிக் காசு. அதில் அந்த ஏழு இரட்டையாகத் தெரிகிறதாம். அச்சே இரட்டையாகிப்போன அபூர்வப் பிழையாம். மறுநாள் ஜார்ஜ்டவுனில் நாணயம் சேர்ப்பவர்கள் கூட்டத்தில் இதைப் பற்றித்தான் பேசப் போகிறானாம். கேட்காமலே எல்லாம் சொன்னான். சொல்லும்போது அந்தக் கண்கள் மின்னின.

ஸ்டெஃபனி, மாக் மண்டின் தொழிற்பேட்டையில் உலோகத் தகடுகளை அச்சில் அடித்தெடுக்கும் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவள். நல்லதுக்குப் பச்சை ஸ்டிக்கர், கெட்டதுக்குச் சிவப்பு. கை சும்மா இருக்குமா? பையிலிருந்த லென்ஸை எடுத்தாள். எடுத்திருக்கவே கூடாது.

“இது ரெட்டை அச்சு இல்லீங்க. அப்படின்னா ரெண்டு ஏழும் உருண்டையா, தனித்தனியா நிக்கும். இது தட்டையா, படி மாதிரி இருக்கு பாருங்க. அடிக்கும்போது அச்சு லூஸாகி ஆடியிருக்கு. எங்க ஃபேக்டரியில தினமும் பார்க்கிறதுதான்லா.”

அவன் முகம் சுருங்கிவிட்டது. “நூறு வருஷத்துக் காசும் உங்க ஃபேக்டரித் தகடும் ஒன்னுங்களா?” என்று வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டான்.

அடுத்த மூன்று சனிக்கிழமைகளும் அதே ஃபெரியில் போனாள். அவன் வரவில்லை.

சொன்னது சரிதான். பிறகு ஏன் மனசு இப்படி அடித்துக்கொள்கிறது? ஒரு பொய் சொல்லி, அந்தக் கண்களை மின்னவே விட்டிருக்கலாமோ... விட்டிருந்தால் நாலு பேர் முன்னால் அசிங்கப்பட்டிருப்பானே... கோபம் அவன் மேலா, தன் மேலா? ஒன்றும் விளங்காமல், நல்ல தகட்டுக்குச் சிவப்பு ஒட்டி சூப்பர்வைசர் நூர்ஜானிடம் திட்டு வாங்கியதுதான் மிச்சம்.

நான்காவது சனிக்கிழமை, அதே பெஞ்சில் அவன் உட்கார்ந்திருந்தான். தயங்கித் தயங்கி வேறொரு டாலரை நீட்டி, இதையும் கொஞ்சம் பார்க்க முடியுமா என்று கேட்டான்.

விளிம்பைப் பார்த்தாள். வருடத்தைப் பார்த்தாள். காசில் பொறித்திருந்த ராஜா தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஃபெரி பாதி தூரம் வந்துவிட்டது. அவளுக்குக் குழப்பம்தான் கூடியது.

“இதுல ஒரு கோளாறும் இல்லீங்களே...”

“தெரியும்.” அவன் நாணயத்தைப் பார்க்கவே இல்லை. “அன்னிக்கு வீட்டுக்குப் போய் லென்ஸ் வச்சுப் பார்த்தேன், நீங்க சொன்னதுதான் சரி. மறுநாள் கூட்டத்துல அதைத்தான் சொன்னேன். யார் கண்டுபிடிச்சாங்கன்னு கேட்டாங்க... உங்க பேருகூட எனக்குத் தெரியல. வெட்கமா போச்சு. கோளாறுள்ள காசு ஒன்னு கிடைச்சா அதைச் சாக்கா வச்சு வரலாம்னு தேடினேன், கிடைக்கல. இதுக்கு மேல காத்திருக்க முடியலங்க. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு.”

ஸ்டெஃபனி பைக்குள் துழாவினாள். ஸ்டிக்கர் சுருளிலிருந்து ஒரு பச்சையை உரித்து, அவன் சட்டைப் பையில் ஒட்டினாள்.

“எனக்கும்தான்,” என்றாள். “பேரு ஸ்டெஃபனி.”